ரத்தினசாமி அழித்த லாகின்

நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அம்சவேணிதான் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டுப் போனாள் என்று வேலூரில் இன்னும் சில பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கெடுத்தது டாக்டர் ரத்தினசாமி. தன் பாஸ்வேர்டைப் போட்டு, தன் உத்தரவில், தானே கெடுத்தார். அவர் அப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் குற்றம் அவ்வளவுதான். அதற்காக ஒரே ஒருத்தியிடம் தவிர வேறு யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை.

இது நடந்தது எண்பத்தெட்டாம் வருஷம். சத்துவாச்சாரியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் நீராய்வு மையம் இருந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு எவ்வளவு இறங்கியிருக்கிறது, இனி எந்த ஊர்க் கிணறு எத்தனை வருஷத்தில் உப்பாகும் என்று கணித்துச் சொல்வது எங்கள் வேலை. கீழே லேபில் குர்ஷித் தண்ணீரைச் சோதிப்பாள். ஆம்பூர்க்காரி, என் தோஸ்த். இரண்டு வருஷமாக நூற்று அறுபது கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து அவள் விரல் நுனியெல்லாம் ஆசிட் பட்டுக் கறுத்திருந்தது. மாடியில் ஏ.சி. அறையில் ஒரு யூனிக்ஸ் மெஷின். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் அதற்குத் தற்காலிகப் புரோகிராமர். ரத்தினசாமி டைரக்டர். அவருக்கு மெஷினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் எதை வேண்டுமானாலும் மாற்றவிடும் ரூட் பாஸ்வேர்டு மட்டும்தான். அதை வேறு யாருக்கும் சொல்லமாட்டார்.

பூமிக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகரும் என்று கணக்கிடும் ஒரு புரோகிராம் வெளிநாட்டிலிருந்து டேப்பில் வந்தது. கூடவே ஒரு புத்தகம். அதில் இன்ஸ்டால் செய்வது எப்படி என்ற அத்தியாயத்தில் நாலு பக்கத்தைக் காணோம். டேப்பிலிருந்து இறக்கினேன், கம்பைல் செய்தேன், ஓட்டினேன். ஃபைல் கிடைக்கவில்லை என்றது. ஃபைல் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது, கிடைக்கவில்லையாம்.

விஷயம் என்னவென்றால், அந்தப் புரோகிராமுக்குத் தன் சாமான்கள் எங்கே இருக்கின்றன என்று தானாகத் தெரியாது. நாம் தட்டுவதை வாங்கி மெஷினிடம் கொடுக்கும் ஷெல் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு எதிரே ஃபைல்கள் இருக்கும் டைரக்டரியின் விலாசத்தை எழுதிவைக்க வேண்டும். என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். என்ன பெயரில் எழுதவேண்டும் என்பது காணாமல்போன நாலு பக்கத்தில் இருந்திருக்கிறது. புரோகிராமின் பதினெட்டாயிரம் வரி சோர்ஸ் கோடைப் படித்து அதைக் கண்டுபிடித்தேன். எழுதியும் வைத்தேன். அப்போதும் ஃபைல் கிடைக்கவில்லை. ஷெல்லைக் கேட்டால் விலாசத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறது, புரோகிராமோ எனக்குத் தெரியாது என்கிறது. இப்படியே ஒன்பது நாள். கடைசியில் பார்த்தால், எழுதிவைத்தது போதாதாம். அதற்குக் கீழே எக்ஸ்போர்ட் என்று ஒரு வார்த்தை போட்டால்தான் ஷெல் அதைப் புரோகிராமுக்குக் கொடுக்குமாம். தெருவுக்கு நாலு தோல் கம்பெனி போர்டில் எக்ஸ்போர்ட் என்று எழுதியிருக்கும் சீமையில் பிறந்து, அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பது நாள் அழுதவள் நான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் டிஸ்க் நிரம்பிவிட்டது. இரண்டாவது டிஸ்கில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டைரக்டரி போட ரூட் பாஸ்வேர்டு வேண்டும். டைரக்டரிடம் போனேன்.

"ரெண்டு நிமிஷ வேலை சார். நீங்களே வந்து பாஸ்வேர்டு அடிச்சாப் போதும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்போ உன் லாகின்லயே வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். புரோகிராமின் அட்டவணைகளும், குர்ஷித்தின் இரண்டு வருஷக் கிணற்று விவரங்களும் என் லாகின் பெயரில் இருந்த டைரக்டரிக்குள் போயின. லாகின் பெயர் எட்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத்தில் அம்சவேணி சரியாக எட்டு. எல்லாருடைய லாகினிலும் அந்த வேரியபிள் என் டைரக்டரியைக் காட்டும்படி எழுதினேன். புரோகிராம் ஓடியது. கிணற்றுக்கு ஒரு பக்கமாக அச்சடித்துத் தள்ளியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி: கிணற்று எண், ஊர், தேதி, விவரம் எடுத்த டைரக்டரியின் விலாசம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குர்ஷித் மாடிக்கு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் தயாரானது. டைரக்டர் பெயர். அடுத்து கோவிந்தராஜ். டைரக்டரின் அக்கா மகன், சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் பணி: கோவிந்தராஜ் என்று போட்டிருந்தது. குர்ஷித் பெயர் இருந்தது. நன்றி என்ற தலைப்பில் ஜீப் ஓட்டும் தனகோடி பெயர் இருந்தது, கிணற்றில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர்கள் பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அந்த வேலை நிரந்தரமாகாது என்று தெரியும். ஜூலையோடு என் ஆர்டர் முடிகிறது, அந்த இடம் கோவிந்தராஜுக்கு என்றும் தெரியும். அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். என் பெயராவது அந்தத் தாளில் வரவேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. போய்க் கேட்டேன்.

"டைப் அடிக்கிறவங்க பேரெல்லாம் ரிப்போர்ட்ல போடற வழக்கம் இல்லம்மா" என்றார்.

"டைப் அடிக்கல சார். இன்ஸ்டால் பண்ணது நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பக்கத்தில் கோவிந்தராஜ் நின்றுகொண்டிருந்தான். "உங்கப்பா ஆம்பூர்ல டேனரிலதானே இருக்காரு? நீயே சொல்லு. தோலைப் பதம் பண்ணவன் பேரு ஷூவுல இருக்குதா? கம்பெனி பேருதான் இருக்கும். போ, போய் வேலையப் பாரு."

கோவிந்தராஜ் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் இரண்டு பேரையும் அதே இடத்தில் கடித்துக் குதறவேண்டும்போல் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா முனிரத்தினத்துக்கு டேனரியில் என்ன வேலை என்று ரத்தினசாமிக்குத் தெரியாது. தோலில் குறி வெட்டுவது. ஏழெட்டு முதலாளிகளின் தோல் ஒரே குழியில் ஊறும். எது யாருடையது என்று பிற்பாடு பிரிப்பதற்காக, வால் பக்கத்தில் கத்தியால் சின்னச் சின்ன வெட்டாகக் குறி போடுவார். சுண்ணாம்பில் ஊறினாலும், முடி உதிர்ந்தாலும், குறி போகாது. எவனாவது திருட நினைத்துக் குறியைச் செதுக்கி எடுத்தால் தோல் குறைபட்டுப் பாதி விலைக்குப் போகும். அன்று விரிஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அந்தக் குறிதான் ஞாபகம் வந்தது. என் குறி ஏற்கெனவே விழுந்துவிட்டது. நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும்.

ஏனென்றால் ரத்தினசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வேலையை விட்டுப் போனாலும் அன்றைக்கே அவர்கள் இருந்த தடத்தை அழித்துவிடவேண்டும். சுவரில் இருக்கும் பெயர்ப் பலகையில் கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொல்வார். போன வருஷம் பரந்தாமன் என்ற கெமிஸ்ட் சண்டை போட்டுக்கொண்டு போனபோது, பீக்கர்களில் ஒட்டியிருந்த அவர் பெயர்ச் சீட்டைக்கூடச் சுரண்டச் சொன்னார். அவர் என் லாகினை மட்டும் விட்டுவைப்பாரா?

நல்லவளாக இருந்தால் எல்லாவற்றையும் பொது டைரக்டரிக்கு மாற்றச் சொல்லி இன்னொரு தடவை அவர் காலில் விழுந்திருப்பேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஆனால் முட்டாளும் இல்லை. கடைசி நாளுக்கு முன்பு ஐந்து பக்கத்தில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன். நாலாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: வேரியபிளை எப்படி எழுதுவது, எப்படி எக்ஸ்போர்ட் செய்வது, புரோகிராமின் ஃபைல்களெல்லாம் அம்சவேணி லாகினில் இருக்கின்றன, அந்த லாகினை அழித்தால் ஃபைல்களும் சேர்ந்து போய்ப் புரோகிராம் நின்றுவிடும். குர்ஷித்தின் விவரங்கள் எனக்கு உயிர். அதனால் எல்லாவற்றையும் ஒரு டேப்பில் எடுத்து, பீரோவில் மூன்றாம் தட்டில் வைத்து, அதையும் குறிப்பில் எழுதினேன். ரத்தினசாமி ஐந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. டைப் அடிக்கிறவள் எழுதியதைப் படிப்பாரா? கையெழுத்தோடு ஒரு நகலை நான் வைத்துக்கொண்டேன்.

ஜூலை முப்பது, சனிக்கிழமை. திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து புரோகிராமைப் பார்வையிடப் போகிறார்கள். காலையில் கோவிந்தராஜ் ஒரு தடவை ஓட்டிப்பார்த்தான். என் லாகின் இருந்தது, அதனால் அழகாக ஓடியது. சாயந்திரம் நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ரத்தினசாமியும் கோவிந்தராஜும் ஏ.சி. அறைக்குள் போவதைப் பார்த்தேன். அதிகாரிகளுக்கு லாகின் பட்டியலைக் காட்டும்போது என் பெயர் திரையில் வரக்கூடாதாம். இதைப் பிற்பாடு தனகோடி சொன்னார். நான் பஸ் ஏறுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. வரும் என்று எனக்குத் தெரியும். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"டைரக்டர் சார் உங்கள கையோட கூட்டியாரச் சொன்னாரு மேடம்" என்றார் தனகோடி.

"இன்னாவாம்?"

"எனக்கு இன்னா தெரியும்? மெஷின் ஓடலயாம். கோவிந்தராஜு மூஞ்சில ஈயாடல. ஆபீசருங்க சாப்டப் போயிக்கிறாங்க, ரெண்டு மணிக்குத் திரும்பி வருவாங்களாம். குர்ஷிதம்மா லேப்ல குந்திக்கினு அழுவுறாங்க."

பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவரை ஒரு மணி நேரம் காக்கவைக்கத் திட்டம். குர்ஷித் அழுகிறாள் என்றதும் சோறு இறங்காது என்று தெரிந்தது. நகலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

நான் போனபோது அதிகாரிகள் திரும்பி வந்து வெறுங்காலோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "வாம்மா அம்சவேணி" என்றார் ரத்தினசாமி. இரண்டு வருஷத்தில் அவர் வாயால் என் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன்பெல்லாம் இந்தாம்மா. அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னா பண்ணி வெச்சிட்டுப் போன?" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "என் லாகினை யாரு எடுத்தது?"

அதிகாரிகளில் மூத்தவர், தலை நரைத்த பொறியாளர், நிமிர்ந்து பார்த்தார். "உங்க லாகினை எடுத்தா புரோகிராம் ஏன் நிக்கணும்?"

நான் நகலின் நாலாம் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்தார். பிறகு தாளைத் திருப்பி ரத்தினசாமியிடம் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே டாக்டர்?" என்றார். ரத்தினசாமி கண்ணாடியைத் துடைத்தார். ஏ.சி. அறையில் அவருக்கு வியர்த்தது. என் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

"டேப் இருக்குது சார். பீரோல மூணாவது தட்டு" என்றேன். "அதுல என் டைரக்டரி விலாசத்தோட எடுத்திருக்கேன். அதனால அதே பேருல லாகின் இருந்தாத்தான் இறங்கும். ஆனா லாகின் போட ரூட் பாஸ்வேர்டு வேணும். அது டைரக்டர் சாருகிட்ட மட்டும்தான் இருக்குது. நான் இப்போ வெளியாளு, தொடக்கூடாது. சாரே தட்டட்டும், நான் சொல்றேன்."

கோவிந்தராஜ் நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்தான். "நீங்களே உட்காருங்க டாக்டர்" என்றார் பொறியாளர்.

ரத்தினசாமி உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவர். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏ" என்றேன். தட்டினார். "எம். எஸ். மறுபடி ஏ. வி. ஈ. என்." அவர் விரல் பக்கத்து எழுத்தில் விழுந்தது. "தப்பு சார், அழிச்சிட்டு மறுபடி அடிங்க. நல்லா பாத்து. ஏ. எம். எஸ்..." எட்டெழுத்தையும் முதலிலிருந்து சொன்னேன். எனக்கு அவசரமே இல்லை.

பிறகு டேப்பைப் போட்டோம். இருபது நிமிஷம் ஓடவேண்டும். ஓடியது, நின்றது, பின்னால் சுற்றியது, மறுபடி நின்றது. அப்போதுதான் கதவருகே குர்ஷித் நிற்பதைப் பார்த்தேன். அவள் டேப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் படிக்கவில்லை என்றால்? இந்த ஈரத்தில், இந்தத் தூசியில், ஒரே ஒரு டேப். நான் இன்னொன்று எடுத்திருக்கவேண்டும். கடைசியில் டேப் பிடித்துக்கொண்டு ஓடி முடிந்தது. ஃபைல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

வேரியபிள் எழுதிய வரியையும் கோவிந்தராஜ் என் பெயரைப் பார்த்து எல்லாருடைய லாகினிலிருந்தும் துடைத்திருந்தான். அதனால் விலாசத்தை மறுபடி எழுதவேண்டியிருந்தது. இரண்டாவது தடவையாக என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன், அவர் தட்டினார். "ஓட்டுங்க சார்" என்றேன். ஓட்டினார். ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்தது.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ரத்தினசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அந்த ஒன்பது நாளை நினைத்துக்கொண்டேன்.

"எக்ஸ்போர்ட் போடலயே சார்" என்றேன்.

"நீ சொல்லலயே!"

"நாலாம் பக்கத்துல இருக்குது சார்."

தட்டினார். ஓடியது. பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் தள்ளியது. பொறியாளர் அதைக் கிழித்து எடுத்து, தலையில் இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார். கிணற்று எண், ஊர், தேதி, கடைசியில் அம்சவேணி.

"யாரு இது, அம்சவேணி?" ரத்தினசாமியைத்தான் கேட்டார்.

"இவங்கதான்... இங்க வேலை பாத்தவங்க."

"என்ன வேலை?"

ரத்தினசாமி தொண்டையைக் கனைத்தார். "இத இன்ஸ்டால் பண்ணவங்க" என்றார். கோவிந்தராஜ் தரையைப் பார்த்தான்.

அவர்கள் போனபிறகு ரத்தினசாமி என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு மாசம் இருந்து கோவிந்தராஜுக்குச் சொல்லிக்கொடு என்றார். "ரிப்போர்ட்ல என் பேரு சார்?" என்றேன். முதல் பக்கம் டைப் ஆகிவிட்டதாம். அவ்வளவு நடந்தும் அந்த மனிதருக்கு ஒரு வரி கொடுக்க மனசு வரவில்லை. நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

படியில் குர்ஷித் நின்றிருந்தாள். "டேப் படிக்கலன்னா?" என்றாள்.

"படிச்சிடுச்சே."

"படிக்கலன்னா, அம்சு? ரெண்டு வருஷம். உனக்கு அந்தாளு மேல கோவம். அதுக்கு என்னைப் பணயம் வெச்சிட்டியே. தோஸ்த்துன்னு நெனச்சேன்."

மன்னிச்சுக்கோ என்றேன். அவள் லேபுக்குள் போய்விட்டாள். அவள் சொன்னது சரி. மற்ற எல்லாம் இனித்தது, இது மட்டும் இன்றைக்கும் குத்துகிறது.

ஆறு மாசம் அவள் என்னோடு பேசவில்லை. நான் குடியாத்தத்தில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரத்துக்கு வந்தாள். பையிலிருந்து தடிமனான ஒரு தாள்கட்டை எடுத்து என் மடியில் போட்டாள். ரிப்போர்ட்டின் நகல்.

முதல் பக்கத்தைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. "பாத்தியா, போடல" என்றேன்.

"உள்ள பொரட்டு" என்றாள். அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஊரும் தேதியும் நானும். நூற்று அறுபது பக்கம். ரத்தினசாமி விடவில்லையாம். முதலில் என் டைரக்டரியை மாற்றச் சொல்லியிருக்கிறார். கோவிந்தராஜ் மாற்றினான், ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்தது, பயந்துபோய்ப் பழையபடி வைத்துவிட்டார்கள். பிறகு பக்கத்தின் தலையைக் கத்தரிக்கோலால் நறுக்கச் சொன்னார். நறுக்கினால் அதே வரியில் இருக்கும் ஊர்ப் பெயரும் போய்விடுகிறது, எந்தக் கிணறு என்றே தெரியவில்லை. என் பெயர்மேல் மட்டும் வெள்ளைப் பூச்சு வைத்து அனுப்பினார். அந்தப் பொறியாளர் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். டேனரிக் கழிவு வழக்கில் கோர்ட்டுக்குப் போகவேண்டிய ரிப்போர்ட், மெஷின் அடித்த பக்கத்தில் வெட்டு, பூச்சு எதுவும் இருக்கக்கூடாது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்று.

"ரெண்டு நாள் குந்தினு கையெழுத்துப் போட்டான்" என்றாள் குர்ஷித். "ஒவ்வொரு பக்கமா நான்தான் எடுத்துக் குடுத்தேன்." அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தை எடுத்து வாசித்தேன். நாங்கள் குடிக்கிற கிணறுதான். ஏழு வருஷத்தில் உப்பாகும் என்றிருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் என் பெயரின் எட்டெழுத்து மட்டும் அடையாளம் தெரியும். தலையில் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது உன் பேருதானே?"

"ஆமாம்ப்பா. எல்லாப் பக்கத்துலயும் இருக்குது."

"குறிய வால் பக்கம்தான் போடுவாங்க" என்றார் அப்பா. "நீ இன்னா, தலைல போட்டுக்கீற?"

"வால்ல டைரக்டர் கையெழுத்து இருக்குதுப்பா" என்றேன்.